பென்சிலால் எழுத வேண்டிய பெயர்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் கனவுகளில் மனிதர்கள் குறைவு. வயிறுகள்தான் வருகின்றன. முப்பத்தொரு வருடம் தாதியாக வேலை செய்தேன். அதில் கடைசிப் பதினெட்டு வருடம், குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் அறையிலும் அதை ஒட்டிய வயிற்று நோய்க் கிளினிக்கிலும் கழிந்தது. அந்த அறையின் திரையில் தெரியும் ரோசா நிறச் சுவர்களும், மடிப்புகளும், ஈரத்தில் மினுங்கும் வெளிச்சமும் விடியப்புற நித்திரையில் மெல்ல வந்து போகும். பயப்படுத்தும் கனவு இல்லை. பெரிய சங்கு ஒன்றின் உள்ளே நடந்து போவது மாதிரி இருக்கும். விழித்த பிறகும் கட்டிலில் கிடந்து, இது யாருடைய வயிறு என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

என்னுடைய கதிரையில் இப்போது கவிதா என்ற பிள்ளை இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். நோயாளிகள் கையில் கொண்டுவரும் கிளினிக் கொப்பிகள் நிற்கப் போகின்றனவாம், இனி எல்லாம் கணினியில்தானாம். தாதியரின் ஆண்டு மலருக்குப் பழைய ஆட்கள் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "உபதேசம் வேண்டாம் மிஸ், நடந்ததை எழுதுங்கோ" என்றாள். என் குணம் தெரிந்த பிள்ளை. சரி, நடந்ததையே எழுதுகிறேன். நடந்தது ஒரு பிழை. அதைச் செய்தது நான்.

பயிற்சி எடுத்த மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கவும், அழுகையை விழுங்கவும், நின்றபடி சாப்பிடவும் படித்தேன். அதற்குப் பிறகு யுத்த காலத்து வார்டுகள். அவற்றைப் பற்றி எழுத இது இடமில்லை. வயிற்று அறைக்கு மாற்றம் கிடைத்தபோது, இனி இரத்தம் குறைவு, கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம் என்று சந்தோசப்பட்டேன்.

அந்த அறையும் ஆறுதலான அறைதான். ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தின் கீழே, ஊருக்குள் திரியும் புள்ளி மான்கள் படுத்திருக்கும். அதற்கு அப்பால் துறைமுகத்துத் தண்ணீர். காலை ஒன்பது மணிக்கு வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, எங்கள் அறை முகட்டில் அலை அலையாக ஓடும். மயக்க ஊசி போட்ட நோயாளிகள் பக்கத்து அறையில் வரிசையாகக் கிடந்து, அரைக் கண்ணால் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள். சம்பூரிலிருந்து வந்த ஒரு கமக்காரர், தன் மாட்டைப் பெயர் சொல்லி அழைத்துத் திட்டினார். ஒரு வங்கி உத்தியோகத்தர், கிண்ணியாவுக்குப் போகும் பாதைப் படகு வெளிக்கிட்டுவிட்டதா என்று கேட்டார். படகு நின்று, பாலம் வந்து எத்தனையோ காலம். "இன்னும் இல்லை, ஆறுதலாப் போகலாம்" என்று சொல்லி அவரைப் படுக்க வைத்தேன்.

வேலை முறையைச் சொல்கிறேன். நோயாளி வெறும் வயிற்றோடு வர வேண்டும். தொண்டைக்குள் மருந்து அடிப்போம். கசக்கும், பிறகு தொண்டை தடித்தது போல் இருக்கும். இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்து, முகத்தைக் குனிய வைத்து நாடியை நெஞ்சோடு சேர்த்து, பல்லுக்கிடையில் வளையத்தைக் கடிக்கக் கொடுப்போம். டொக்டர் குழாயை இறக்குவார். தாதியின் இடது கை நோயாளியின் தலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்தக் கைதான் முழு வேலையும். டொக்டர் பார்ப்பது திரையை. நாங்கள் பார்ப்பது முகத்தை. கையை எடுத்தால் ஆள் மிரண்டுவிடுவார்.

எங்கள் பெரிய டொக்டர் மட்டக்களப்புக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வயிற்றில் கை வைக்குமுன் இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்குவார். நோயாளியின் கதிரையைவிட உயரம் குறைந்த முக்காலியில் இருந்துதான் கதை கேட்பார். ஒரு கேள்வியைக் கேட்டால் பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். வெளியே நூறு பேர் நிற்பார்கள், எனக்கு உள்ளங்கால் எரியும், அவர் அசைய மாட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் எனக்கு அந்த மனிதர்மேல் சரியான எரிச்சல்.

நான் அங்கே போன முதல் வருடத்தில் வந்தவர்தான் சுபைதா. கிண்ணியாவில் வீட்டிலேயே தையல் செய்பவர், புருசன் இல்லை, ஒரே ஒரு மகள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாப்பிட்டால் மேல்வயிறு எரிகிறது, இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது, ஊதிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லி, ஊரில் உள்ள எல்லா மருந்தையும் குடித்துவிட்டு வந்திருந்தார். குழாய் விட்டுப் பார்த்தோம். வயிறு துப்புரவாக இருந்தது. புண் இல்லை, கட்டி இல்லை, கிருமியும் இல்லை. அவர் கண் விழித்ததும் நான் முந்திக்கொண்டு, "ஒண்டுமில்லை, பயப்படாதீங்கோ" என்றேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். மனுசி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார்.

டொக்டர் அதைப் பார்த்துவிட்டார். என்னை வெளியே கூப்பிட்டு, ஒரு நோயாளியிடமும் இனி அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்றார். புண் இல்லை என்று சொல்லலாம், கட்டி இல்லை என்று சொல்லலாம், வலி இல்லை என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் உரிமை இல்லை என்றார். பிறகு உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டு, சுபைதாவுக்கும் மகள் றிஸ்னாவுக்கும் விளங்கப்படுத்தினார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு நூறு தடவை கேட்டிருப்பேன், ஆனாலும் முதல் தடவை கேட்டதுதான் மனதில் நிற்கிறது.

"பாலம் உடையல்ல, ரோட்டும் உடையல்ல. பஸ்தான் நேரத்துக்கு ஓடுதில்ல. ஒரு நேரம் ஒண்டும் வராது, ஒரு நேரம் மூண்டு சேந்து வரும். அதுக்காகப் பாலத்த வெட்டித் திருத்த ஏலாது. ஆனா பஸ் ஹோல்ட்டில நிக்கிற ஆளுக்கு இருக்கிற கஷ்டம் பொய்யில்ல."

சுபைதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நோய் வருத்தம் இல்லாமலே நடிக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றார். குடலின் அமைப்பு நன்றாக இருந்தும் அதன் ஓட்டம் குழம்புவது ஒரு வகை, குடலிலேயே நோய் பிடிப்பது வேறு வகை என்று அன்றைக்குத்தான் எனக்கும் சரியாக விளங்கியது. முதல் வகைக்கு அதன் குணங்கள் உண்டு. வருடக்கணக்காக வந்து வந்து போகும். சாப்பாட்டோடும் யோசனையோடும் கூடிக் குறையும். ஆனால் ஆளை மெலிய வைக்காது. நித்திரை கொண்டவரை எழுப்பாது. இந்த இரண்டு கேள்வியையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. புண், கட்டி என்றால் கொப்பியின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதுவார். ஓட்டம் மட்டும் குழம்பும் இயக்கக் கோளாறு என்றால் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுப்பார். ஏன் என்று கேட்டேன்.

"அது கண்டு எழுதுறது. இது காணாம எழுதுறது. இண்டைக்குக் காணல்ல, அவ்வளவுதான். அடுத்த முறை வாசிக்கிற ஆளுக்கு ஒரு சந்தேகம் இருக்கோணும்."

சுபைதா அதற்குப் பிறகு எட்டு வருடம் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலை முதல் பஸ்ஸில். வலி முற்றாகப் போகவில்லை. ஆனால் என்ன வலி என்று தெரிந்தபின், அவர் அதைக் கரைச்சல் பிடித்த ஒரு சொந்தக்காரரைப் போல் வீட்டில் வைத்துக்கொண்டார். நடுவில் இன்னொரு தடவை குழாய் விட்டோம். அதுவும் துப்புரவு. தன்னுடைய கொப்பிக்கு நோன்புப் பெருநாள் சட்டை வெட்டிய துண்டுத் துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார். நீலப் பூ, மஞ்சள் கோடு என்று ஒவ்வொரு வருடமும் உறை மாறும். தூரத்தில் கண்டதுமே எனக்கு முகம் மலரும்.

கொப்பி முடிந்தால் புதுக் கொப்பி தொடங்கி, முதல் பக்கத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். பென்சில் எழுத்துக்கள் வியர்வை பட்டு அழிந்துபோய் இருக்கும். நான் எல்லாவற்றையும் நீலப் பேனாவால் வடிவாக எழுதி, கீழே கோடும் இழுத்துக் கொடுத்தேன். சுபைதாவின் மூன்றாவது கொப்பியையும் அப்படித்தான் எழுதினேன். டொக்டர் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கொப்பி அவரிடம் போகவில்லை.

அதற்கும் காரணம் நான்தான். கிளினிக் நாட்களில் என் மேசையில் இரண்டு அடுக்கு இருக்கும். வலது பக்க அடுக்குப் பெரிய டொக்டருக்கு. இடது பக்க அடுக்கு, பழைய மருந்தையே திரும்ப எழுதிக் கொடுக்கும் சின்ன டொக்டர்மாருக்கு. கேள்விகளைக் கேட்டு, எந்தக் கொப்பி எந்தப் பக்கம் என்று பிரிப்பது தாதி. அந்த மேசையில் நான் ஒரு குட்டி ராணி.

அந்த எட்டாவது வருடம், நோன்பின் ஒன்பதாவது நாள் கிளினிக் வந்தது. சனம் என்றால் அப்படிச் சனம். சுபைதா வந்து முன்னால் இருந்தார். பெருநாள் தையல் மலையாகக் குவிந்து கிடக்கிறது என்றார். வலி எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் கூடத்தான் என்றார். நிறை பார்த்தேன், மூன்றரைக் கிலோ குறைவு. கறுப்பு அபாயாவுக்குள் மெலிவு தெரியவில்லை. நான் வாய் திறக்குமுன் அவரே, "நோன்புதானே மிஸ்" என்றார். ஒன்பது நோன்பு மூன்றரைக் கிலோவைக் கொண்டுபோகுமா என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டேன். வலி நித்திரையிலிருந்து எழுப்புகிறதா?

"இல்ல மிஸ். சஹருக்கு நான்தானே எழும்புற. முந்தியெல்லாம் அலாம் வெச்சாலும் மகள்தான் வந்து தட்டணும். இந்த நோன்புக்குப் பாருங்க, அலாமுக்கு முன்னாடியே தானா முழிப்பு வருது. அல்லாஹ்ட ரஹ்மத்து."

விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்கு அலாம் இல்லாமல் எழும்ப முடிவது இறைவனின் அருள், பெரிய கொடுப்பினை என்று நானும் சொன்னேன். அவர் முகம் வெளித்தது. நான் கொப்பியில் "இல்லை" என்று எழுதினேன். முதல் பக்கத்தைப் புரட்டினேன். நீலப் பேனாவில், கோடு இழுத்து, என் சொந்தக் கையெழுத்தில் இயக்கக் கோளாறு என்று இருந்தது. இடது பக்க அடுக்கில் வைத்தேன். அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து.

இருபத்தெட்டாவது நோன்பன்று காலை, எங்கள் சிற்றூழியர் நஸீர் தள்ளுவண்டியில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தார். கட்டில் வேண்டுமென்றால் பெயரைப் பதிய வேண்டும் என்று பகிடி விட்டேன். அவர் வெட்கத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு வீட்டில் ஒருவரும் சஹருக்கு எழும்பவில்லை என்றார். மூன்று அலாம் அடித்தும், பள்ளிவாசலில் அறிவித்தும் கேட்கவில்லையாம். தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு. வழமையாக மனைவிதான் எழுப்புவாராம், நோன்பின் கடைசிப் பத்து நாளில் அவருக்கும் களைப்பு.

"இந்த நாளையில தானா முழிக்கிற மனுசன் ஒருத்தரும் இல்ல மிஸ்," என்றார் நஸீர். "ஏதாவது எழுப்பினாத்தான்."

முகட்டில் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுபைதாவை அலாமுக்கு முன்னால் எழுப்பியது எது? நாள் முழுக்கத் தைத்து, நோன்பு திறந்து, திரும்பவும் தைத்துக் களைத்துப் படுத்த பெண்ணை? வலிதான் எழுப்பியிருக்க வேண்டும். அவர் அதை ரஹ்மத்து என்று நினைத்தார், நானும் தலையாட்டினேன்.

பதிவுப் புத்தகத்தில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். மகள் றிஸ்னா கதைத்தாள். உம்மாவிடம் ஒரேயொரு கேள்வி கேட்கச் சொன்னேன்: முழிப்பு வந்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? கேட்டுவிட்டுச் சொன்னாள். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குந்தி இருப்பாராம். கொஞ்சம் தணிந்தபின் எழும்பி அடுப்பை மூட்டுவாராம்.

டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியைப் பார்த்து எழுதியதையும், இடது பக்கம் வைத்ததையும் மறைக்கவில்லை. அவர் முழுவதையும் கேட்டார்.

"பேனாவாலயா எழுதின நீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். அறைந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

உடனே வரச் சொன்னோம். சுபைதா மறுத்தார். இன்னும் ஒன்றோ இரண்டோ நோன்புதான், அதை விட ஏலாது, ஊர்ப் பிள்ளைகளின் சட்டைகளும் முடியவில்லை என்றார். பெருநாளுக்கு அடுத்த நாள் வந்தார். நாங்கள் கூப்பிட்ட பிறகு பிந்திய அந்த நான்கு நாளும் அவருடையவை. அதற்கு முந்திய பத்தொன்பது நாளும் என்னுடையவை.

இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்தேன். அபாயாவைக் கழற்றியபோதுதான் தோள் எலும்பைக் கண்டேன். என் கை அவர் தலைக்குப் பின்னால் இருந்தது, மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். திரையில் அந்த ரோசாச் சுவர் வந்தது. மடிப்பு மடிப்பாகக் கீழே போனோம். வயிற்றின் கீழ் வளைவில் சுவர் நிறம் மாறி, விளிம்பு தடித்து, நடுவே பள்ளமாக ஒரு புண் இருந்தது. டொக்டர் சோதனைக்காக ஆறு துண்டு எடுத்தார். குழாயை இழுத்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பக்கத்து அறையில் சுபைதா பாதி மயக்கத்தில் கிடந்தார். முகட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, "பெருநாள் முடிஞ்சா மிஸ்?" என்று கேட்டார். முடிஞ்சுது என்றேன். "எல்லாச் சட்டைக்கும் பொத்தான் வெச்சாச்சி" என்று சொல்லிக் கண்ணை மூடினார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை.

புற்றுநோய்தான். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றின் பெரும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அந்தப் பத்தொன்பது நாளில் என்ன கெட்டுப்போனது என்று டொக்டரிடம் கேட்டேன். பல மாதமாக வளர்ந்த நோய், பத்தொன்பது நாள் பெரிய கணக்கில்லை என்றார். நான் மூச்சு விட்டேன். உடனே சொன்னார், இது பின்னால் பார்த்துச் சொல்வது, கொப்பியை இடது பக்கம் வைத்த நேரம் உங்களுக்கு இது தெரியாது. அவர் ஆறுதலைக்கூட அளந்துதான் தருவார்.

சுகமாகிக் கிளினிக்குக்கு வந்த முதல் நாளே சுபைதாவிடம் நான் உள்ளதைச் சொன்னேன். சொல்லாவிட்டால் அந்தக் கதிரையில் என்னால் இருக்க ஏலாது. அவர் கோபப்படவில்லை. என் மேசை விளிம்பைத் துணியைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் இரிக்கும் வரைக்கும் இத மகள்ட சொல்லாதீங்க மிஸ். அவ உங்கள நம்பித்தான் என்னக் கூட்டிட்டு வாறா."

சொல்லவில்லை. சுபைதா அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைய இருந்தார். அந்த மூன்று வருடமும் றிஸ்னா நோன்பு காலத்தில் கஞ்சி காய்ச்சி, பஸ்ஸில் நிலாவெளி வீதியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவருவாள். உம்மா கண்ணை மூடி மௌத்தான பிறகும் கொண்டுவந்தாள். என் பக்கத்து வீட்டாரிடம், இந்த மிஸ்தான் உம்மாட வருத்தத்தைப் போனிலேயே கண்டுபிடித்தவர் என்று சொல்வாள். நான் கஞ்சியை வாங்குவேன்.

கவிதா எழுதச் சொன்னபோது, இதைத் தவிர எனக்கு எழுத ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. எழுதுமுன் கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தில் பஸ் ஏறும்போது காற்று நன்றாக அடித்தது, திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. றிஸ்னா உம்மாவின் தையல் மெசினில் இருந்தாள். தேத்தண்ணி ஊற்ற எழும்பினாள், வேண்டாம் என்று மறித்து எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைச் சொன்னேன், அடுக்கைச் சொன்னேன், ரஹ்மத்து என்று அவர் சொல்ல நான் தலையாட்டியதையும் சொன்னேன்.

"எத்தின நாள் மிஸ்?"

பத்தொன்பது என்றேன். அவள் துணி இல்லாத மெசினின் சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றிவிட்டாள்.

"அந்தப் பத்தொம்பது நோன்பையும் உம்மா முழுசாப் புடிச்சா. அதுக்குப் பொறகு ஒரு நோன்பும் புடிக்க ஏலாமப் போச்சி. மௌத்தாகும் வரைக்கும் அதத்தான் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டா."

அது மன்னிப்பாக மாறும் என்று நான் காத்திருந்தேன். மாறவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. பேர மாத்துங்க. மத்த ஒண்டையும் மாத்தாதீங்க."

எப்போது போனாலும் பஸ் ஹோல்ட் வரைக்கும் கூடவே நடந்து வந்து ஏற்றிவிடுபவள், இந்த முறை கதிரையை விட்டு எழும்பவில்லை. வாசற் கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.